வளவுத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுமுன்: எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அண்ணாச்சிக்கும், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், ஐந்து தெருவிலும் குடியிருக்கிற அண்ணாச்சிமார், அக்காமார், மதினிமார் எல்லாருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். மழை பெய்தால் வளவுக்குள் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் காம்பவுண்டுச் சுவரில் துளை போட்டு, நாலு அங்குலக் குழாய் வைத்து, தண்ணீரைத் தெருவோரச் சாக்கடையான வாறுகாலில் விட்டுவிட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் எல்லா வீட்டிலும் வேலை முடிந்திருக்க வேண்டும். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. தூக்கிய கையை இறக்கிக்கொள்ள அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நகர் மேற்கே மேடு, கிழக்கே சரிவு. முதல் தெருவில் விழுகிற தண்ணீர் எங்கும் நிற்காமல் ஐந்தாம் தெருவில்தான் போய்க் கட்டும். 2023-இல் மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17 அன்று, பெய்த பெய் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் பாளையங்கோட்டைப் பக்கமே 40 சென்டிமீட்டருக்கு மேல். ஐந்தாம் தெருக் கடைசி வீட்டு அக்கா, மருமகளையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நள்ளிரவில் என் வீட்டு மாடிக்கு வந்து ஏறினார்கள். அந்தப் பிள்ளையின் தொட்டில் சேலையைத் தவிர அவர்கள் கையில் வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் தண்ணீர் வடிந்தபின் அந்த வீட்டுப் பட்டாசலில், முன்கூடத்தில், நான் பார்த்த சேறு, என் மொட்டை மாடியில் விழுந்த தண்ணீரும் சேர்ந்து கொண்டுபோன சேறு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

அன்றைக்குப் பெய்த மழையை எந்தக் குழியாலும் தாங்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது வருஷம் தவறாமல் வருகிற மழையை: ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் கருக்கிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அடித்துவிட்டுப் போகிறதே, அந்த மூன்று, நாலு சென்டிமீட்டர் மழையை. நம் வளவுகளில் வாரக்கணக்கில் நாறிக் கிடப்பது அந்தத் தண்ணீர்தான். அதைத் தெருவுக்குத் தள்ளாமல் அவரவர் வளவுக்குள்ளேயே மண்ணுக்குக் கீழே இறக்கலாம். சிமெண்ட் வளையங்களை, அதாவது உறைகளை, இறக்கித் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சு குழி ஒன்று இருந்தால் போதும். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் மண்ணைக் கேட்க வேண்டும். கேட்காமல் தோண்டினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே அனுபவித்தவன் நான்.

இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டுப் பிளான் போடுவது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் நான் போட்ட ஒவ்வொரு பிளானிலும் ஒரு மூலையில் சின்ன வட்டம் ஒன்று இருக்கும். பக்கத்தில் மழைநீர்க் குழி என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் ஈசானிய மூலையில் போடுவேன், வாஸ்துவுக்கும் ஒத்துப்போகும் என்று. அந்த வீட்டில் தண்ணீர் ஈசானியத்துக்கு ஓடுகிறதா, கன்னி மூலைக்கு ஓடுகிறதா, அங்கே என்ன மண் கிடக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை. அனுமதி வாங்க ஒரு வட்டம் தேவை, வட்டத்தைப் போட்டேன். கொத்தனார் ஒருநாள் அரைநாளில் மூன்றடி தோண்டி, உடைந்த செங்கல்லையும் மிஞ்சின ஜல்லியையும் கொட்டி, மேலே மணல் பரப்பி, போட்டோ எடுத்ததும் வேலை முடிந்தது. இந்த நகரிலேயே பதினோரு வீட்டுக்கு நான் பிளான் போட்டிருக்கிறேன். அந்தப் பதினோரு வீட்டாரிடமும் இந்த மடல் வழியாக மன்னிப்புக் கேட்கிறேன். குழி வேலை செய்யவில்லை என்றால் மழைநீர் சேகரிப்பு என்கிற காரியத்தைக் குறை சொல்லாதீர்கள். குறை நான் கண்ணை மூடிக்கொண்டு போட்ட வட்டத்தில்தான்.

என் வீட்டுக் குழியும் அப்படித்தான் இருந்தது. மூன்றடி அகலம், நாலடி ஆழம். முதல் மழைக்கு மடமடவென்று குடித்தது. நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் மழைக்குத் தண்ணீர் மேல்வரை நின்றது. மூன்றாம் மழையில் குழியே ஊற்றுக் கண் மாதிரி வெளியே வழிந்தது. புறவாசலில் அம்மா துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பத்து நாள் தண்ணீர். அடுக்களைச் சுவரில் ஓதம் முழங்கால் உயரம் ஏறி, சுண்ணாம்பு செதில் செதிலாகக் கழன்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் கேட் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அறுபத்தெட்டு வயதில் அவர்களுக்கு அது தினசரி வேலையாகிப் போனது.

மறு வருஷம் பங்குனியில் முன்னீர்ப்பள்ளம் பக்கத்திலிருந்து கிணறு வெட்டுகிற பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். குழியை இன்னும் அகலப்படுத்தித் தரச் சொன்னேன். அவர் கடப்பாரையைத் தொடவே இல்லை. பழைய குழியின் ஓரத்திலிருந்து ஒரு பிடி மண்ணைக் கிள்ளி எடுத்தார். செம்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். முறுக்குப் பிழிந்த மாதிரி சாண் நீளத்துக்கு அறுபடாமல் வந்தது. அதை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எய்யா, இது குடிக்கிற மண்ணு இல்ல. கரம்பை. இதுல தண்ணி நிக்கும், எறங்காது. நீங்க அகலமாத் தோண்டுனா அகலமா நிக்கும், அவ்வளவுதான். இன்னும் கீழ போவணும். சரளு தட்டுதான்னு பாப்போம். சரளுதான் குடிக்கும்."

"முதல் மழைக்குக் குடிச்சிச்சே, தாத்தா?" என்றேன்.

"கோடையில கரம்பை வெடிச்சிக் கெடக்கும்லா? வெடிப்புக்குள்ள தண்ணி ஓடுது. நீங்க மண்ணு குடிக்கின்னு நெனைக்கிய. நனைஞ்சு ஊதிட்டுன்னா வெடிப்பு மூடிக்கிடும். அதுக்குப் பொறவு மண்பானையில ஊத்துன தண்ணிதான்."

இருபது வருஷம் பிளான் போட்டவனுக்கு அன்றுதான் மண் என்றால் என்ன என்று விளங்கியது. பழைய குழியை மூடினோம். அஸ்திவாரத்திலிருந்து பன்னிரண்டடி தள்ளி, வளவில் எது பள்ளமோ அந்த இடத்தில் புதுக்குழி தொடங்கினார். மேலே ஓரடி, மனை நிரத்தியபோது அடித்த கிரவல். அடுத்த ஐந்தடியும் கறுத்த கரம்பைக் களிமண். ஆறடி தாண்டியதும் கடப்பாரைச் சத்தம் மாறியது. அதுவரை சதக் சதக்கென்று இருந்தது, கரகரவென்று ஆனது. மேலே வந்த கூடையில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல்லும் செம்பழுப்புச் சரளைக் கல்லும். "தட்டிட்டு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பன்னிரண்டடி வரை போனோம். நாலடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை, பக்கத்தில் துளை விட்டது, ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினோம். உறைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு முக்கால் அங்குல ஜல்லி நிரப்பினோம். அடியில் தளம் போடவில்லை, ஓரடி உடைகல் மட்டும்.

அன்று சாயங்காலமே சோதித்தோம். அடியில் ஓரடித் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, கம்பில் கோடு போட்டு இறக்கினோம். மணிக்கு மூன்று அங்குலம் இறங்கியது. பழைய குழியில் ராத்திரி முழுக்க ஒரு விரல்கூட இறங்காது. இரண்டும் ஒரே வளவு, நடுவில் பதினைந்தடி தூரம்தான். அந்த ஐப்பசியிலிருந்து இன்றுவரை என் புறவாசலில் தண்ணீர் அரைநாளுக்கு மேல் நின்றதில்லை. அம்மா துடைப்பம் எடுத்துத் தண்ணீர் தள்ளியதும் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பொருளாளர் அண்ணாச்சி கேட்பார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். நாலு சென்டிமீட்டர் என்றால் 3,700 லிட்டர். நாலடி விட்டம், பன்னிரண்டடி ஆழமுள்ள உறைக்குழியில் குழாய் நுழைகிற மட்டம்வரை ஏறக்குறைய 3,900 லிட்டர் பிடிக்கும். பெய்கிற நேரத்திலேயே ஒரு பங்கு கீழே இறங்கிக்கொண்டும் இருக்கும். அதே குழியை உறை இல்லாமல் முழுக்க ஜல்லி கொட்டி நிரப்பினால் கல்லுக்கு நடுவே உள்ள இடம் பத்தில் நாலு பங்குதான், 1,600 லிட்டருக்கு மேல் பிடிக்காது. செலவைப் பார்த்து உறையை விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முற்றத்துத் தண்ணீரையும் சேர்ப்பதாக இருந்தால் குழி இன்னும் பெரிதாக வேண்டும், அல்லது முற்றத்துச் சிமெண்ட் தளத்தில் கொஞ்சமாவது பெயர்த்து மண்ணாக விட வேண்டும். நம் நகரில் பாதி வீட்டில் கேட்டிலிருந்து புறவாசல்வரை பேவர் பிளாக்கும் சிமெண்டுமாக அடைத்துவிட்டோம். துளசி மாடத்தைச் சுற்றிக்கூட மண் இல்லை. தெருவோ ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே ஏறி ஏறி வந்து, பழைய வீடுகளெல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. அந்த வீடுகளில் காம்பவுண்டைத் துளைத்துக் குழாய் வைத்தால், தெருத் தண்ணீர்தான் குழாய் வழியாக உள்ளே வரும். இதைக் கூட்டத்தில் நாம் யாரும் பேசவில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அதற்குள் ஐந்து தெருவிலும் தெருவுக்கு இரண்டு இடத்தில் மண்ணைச் சோதித்துப் பார்த்துவிடலாம். கை போர் போடுகிற ஆளைக் கூப்பிட்டுப் பத்துப் பன்னிரண்டடி துளை போடச் சொன்னால், எத்தனை அடியில் கரம்பை, எத்தனை அடியில் சரள், எங்கே பாறை என்று கைக்கே வந்துவிடும். பிறகு தண்ணீர்ச் சோதனை. குழி எந்த ஆழத்தில் குடிக்க வேண்டுமோ அந்த ஆழத்து மண்ணில் சோதிக்க வேண்டும், மேல் மண்ணில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் திரும்ப ஊற்றித்தான் அளக்க வேண்டும். பெரியவர் சொன்ன வெடிப்பு விஷயம் அதற்காகத்தான். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் துணிந்து உறை இறக்கலாம். அரை அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த வீட்டில் குழி வேண்டாம். அந்த வீட்டுக்குக் குழாய்தான் வழி. எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லவில்லை.

நம் நெல்லைச் சீமை மண் அப்படி. ஒரு கூப்பிடு தூரத்துக்குள் மூன்று விதம் இருக்கும். மானூர்ப் பக்கம் போனால் கரிசல். தாழையூத்து, சங்கர் நகர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல். திசையன்விளைப் பக்கம் செக்கச் செவேலென்று தேரி மணல். அந்தப் பக்கத்து ஆயன்குளம் கிணற்றைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 மழையில் வெள்ளத் தண்ணீர் நாள்கணக்கில் அதற்குள் பாய்ந்தும் நிரம்பவே இல்லை. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். சென்னை ஐஐடி-யிலிருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து குகை போல வழிகள் உண்டாகியிருக்கின்றன, தண்ணீர் அதற்குள் போகிறது என்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலர் நம் ஊரிலும் பாழும் கிணற்றில் தண்ணீரை விட்டால் போதும் என்று பேசினார்கள். நம் காலடியில் அந்தச் சுண்ணாம்புக் குகை இல்லை. நமக்கு இருப்பது ஆறடிக்குக் கீழே கிடக்கிற சரள். அதுவும் எல்லா மனையிலும் ஒரே ஆழத்தில் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது முன்பு வயக்காடு. பழவூர் அணையிலிருந்து வருகிற பாளையங்கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து பிசான நெல் விளைந்த பூமி என்று அங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். வயலை நிரத்திப் பிளாட் போட்டாலும், கால்வாயில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் நிலத்தடித் தண்ணீர் மேலே ஏறி வந்துவிடும். கார்த்திகையில் அங்கே நாலடி தோண்டினால் ஊற்று வரும். ஊற்று இருக்கிற இடத்தில் குழி தோண்டினால், கீழிருந்தே குழி நிரம்பிக்கொள்ளும். மேலிருந்து விட இடம் இருக்காது. குழியின் அடி, மழைக்காலத்து நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ஆகவே ஐந்தாம் தெருவில் உறிஞ்சு குழி பலிக்காது. அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மேட்டில் இருக்கிற முதல் மூன்று தெருக்காரர்கள் தங்கள் தண்ணீரைத் தங்கள் வளவிலேயே நிறுத்த வேண்டும். நாம் எல்லாரும் குழாய் வைத்து வாறுகாலில் விட்டால் அது அந்த அக்கா வீட்டு வாசலில்தான் போய்த் திறக்கும். வாறுகால் அகலம் ஒன்றேகால் அடி. ஐந்து தெருவில் எண்பத்தாறு வீடு. நான் தூக்கம் வராமல் கிடந்தது இந்தக் கணக்கை நினைத்துத்தான்.

இடம் இல்லாதவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். மூன்று சென்டில் சுவரோடு சுவராக வீடு கட்டியிருக்கிறவர்கள் அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளித் தோண்டு என்றால் எங்கே போவார்கள்? அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே தோண்டினாலும் தப்பு. கரம்பை மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்துக்குக் கீழே அந்த ஆட்டம் நடந்தால் சுவர் வெடிக்கும். செப்டிக் டேங்கை ஒட்டியும் கூடாது. குடிக்கிற கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போவது நல்லது. இப்படி எல்லாவற்றையும் கழித்தால் சின்ன மனையில் இடமே மிஞ்சாது.

அவர்களுக்காகத்தான் என் இரண்டாவது வேண்டுகோள். இரண்டாம் தெரு முனையில் பூங்காவுக்கு விட்ட இடம் முள்ளும் புல்லுமாகச் சும்மா கிடக்கிறது. அதன் கீழ்ப்புற மூலை பள்ளம். அங்கே பொதுக் குழியாக இரண்டோ மூன்றோ, ஆறடி விட்டத்தில் இறக்கலாம். சின்ன மனை வீடுகளின் மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பூங்கா இடம் மாநகராட்சிக்கு எழுதிக்கொடுத்த இடம். நாமாகத் தோண்ட முடியாது, அனுமதி வாங்க வேண்டும். மனுவும் வரைபடமும் நானே தயார் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம். இந்த முறை வட்டம் போடுவதற்கு முன்னால் அந்த இடத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

குழி எடுக்கிற வீட்டுக்காரர்களுக்கு, என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டொன்றைச் சொல்லவேண்டும். குழியைக் கொல்வது வண்டல். மாடியில் ஒரு வருஷம் சேர்கிற தூசி, வேப்பம்பூ, பறவை எச்சம், காய்ந்த இலை எல்லாம் முதல் மழையில் இறங்கும். அது நேரே குழிக்குள் போனால் சரளின் கண்ணை அடைத்துவிடும். அடைத்த பிறகு சுத்தம் செய்வது லேசில்லை, உறையைக் கிளப்ப வேண்டிவரும். அதனால் குழிக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும். தண்ணீர் முதலில் அதில் விழுந்து தேங்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் மேல்மட்டத்துக் குழாய் வழியாகக் குழிக்குப் போக வேண்டும். குழாய் வாயில் நைலான் வலை. என் வீட்டு வண்டல் தொட்டியை வருஷத்துக்கு இரண்டு முறை அள்ளுகிறேன், புரட்டாசியில் ஒரு முறை, கார்த்திகை நடுவில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு சட்டி நிறையக் கறுப்புச் சேறு வருகிறது. அது செம்பருத்திக்கு நல்ல உரம். அந்த இரண்டு சட்டியும் குழிக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

மழைத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் எதுவும் அதற்குள் போகக்கூடாது. குளியலறைச் சோப்புத் தண்ணீர் கூடாது, அங்கணத்துத் தண்ணீர் கூடாது, கார் கழுவின தண்ணீர் கூடாது. கீழே இறங்குவது நாளைக்கு யாரோ ஒருவர் போர்வெல்லில் ஏறி வரப்போகிற தண்ணீர். இதே காரணத்துக்காக, மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேரே போர்வெல் குழாய்க்குள் விடுகிற பழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். மூன்றாம் தெருவில் இரண்டு வீட்டில் அப்படி இருக்கிறது. நேரில் வந்து பேசுகிறேன்.

கொசு வரும் என்று கூட்டத்தில் ஒரு மதினி பயந்தார்கள். பயம் நியாயமானது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆக ஒரு வாரம் போலத் தேவை. சரியான மண்ணில் இறக்கிய குழியில் தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்குமேல் நிற்காது. நின்றால் குழி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே பார்க்க வேண்டும். மேலே சிமெண்ட் மூடியும், காற்றுக் குழாய் வாயில் வலையும் போட்டுவிட்டால் கொசு உள்ளே போகவும் வழியில்லை. இன்று வளவில் பத்து நாள் திறந்து கிடக்கிற தண்ணீரில்தான் கொசு பெருகுகிறது.

மூடியை மட்டும் யாரும் அலட்சியமாக விடாதீர்கள். குழந்தைகள் ஓடியாடுகிற வளவு. கனமான கான்கிரீட் மூடி, குழந்தை நகர்த்த முடியாத கனத்தில் இருக்க வேண்டும். பழைய குழிக்குள் சுத்தம் செய்ய யாரையும் தனியாக இறக்காதீர்கள். உள்ளே கெட்ட காற்று நிற்கும். தோண்டும்போதும் மழைக்காலம் ஆகாது. சரள் நனைந்தால் பக்கம் சரியும், உள்ளே இருப்பவர் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அவசரப்பட்டு ஐப்பசிக்குள் முடிக்க வேண்டாம் என்கிறேன். இந்த ஆவணி, புரட்டாசியில் மண்ணைச் சோதித்துவிடுவோம். வானம் வெறித்திருக்கிற நாளில் முடிகிறவர்கள் குழி எடுக்கட்டும். மீதிப் பேர் தை பிறந்தபின் எடுக்கலாம். இந்த ஒரு மழைக்காலத்தைச் சமாளிக்க, இருக்கிற வாறுகாலைத் தூர்வாரச் சொல்லி எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்போம்.

பாறை தட்டுகிற வீடுகளும் இருக்கும். நாலாம் தெரு மேல்புறம் ஐந்தடியில் பாறை என்று அங்கே போர் போட்டவர்கள் சொல்கிறார்கள். அங்கே ஆழம் போகாது. குறுக்கே நீளமாகப் போகலாம். இரண்டடி அகலம், மூன்றடி ஆழத்தில் சுவரோரம் நீண்ட கால்வாய் மாதிரி தோண்டி, துளையிட்ட குழாய் பதித்து, ஜல்லி நிரப்பி, மேலே மண் மூடிப் புல்லோ பூச்செடியோ வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் மண் குடிக்கிற மண்ணாக இருக்க வேண்டும். தென்னை, முருங்கைப் பக்கம் எந்தக் குழியும் வேண்டாம். வேர் தண்ணீரைத் தேடி வந்து குழாயை அடைத்துவிடும்.

செயலாளர் அவர்களே, தீர்மானப் புத்தகத்தில் இந்த மடலையும் ஒட்டிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எல்லாரும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வருகிற சனிக்கிழமை காலையில் பூங்கா இடத்தின் வெளிப்புறம், என் மனையை ஒட்டிய எனக்குச் சொந்தமான துண்டு நிலத்தில், கை போர் ஆளை வைத்து எட்டடித் துளை போடுகிறேன். வருகிற மண்ணை அடி வாரியாகச் சாக்கில் பரப்பி வைத்திருப்பேன், யார் வேண்டுமானாலும் நனைத்து உருட்டிப் பார்க்கலாம். சாயங்காலம் துளையில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுகிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்ப ஊற்றி அளப்போம். கம்பும் அடி ஸ்கேலும் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் தெரு அக்காவிடம் சொல்லிவிட்டேன், மருமகளோடு வருகிறார்கள். முன்னீர்ப்பள்ளத்துப் பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. இருந்தாலும் ஆட்டோ அனுப்பினால் வருகிறேன் என்றிருக்கிறார். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வரும்போது உங்கள் வளவு மண்ணில் ஒரு பிடி, மேல் மண்ணாக இல்லாமல் இரண்டடி தோண்டி எடுத்தது, காகிதத்தில் பொதிந்து வீட்டு எண்ணை எழுதிக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் தெருவில் பிளான் போடுகிறவன்